மண்டபத்தில் கராத்தே... அம்மா கையில் காமிரா!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் மதுரையில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு. முகூர்த்தம் கிடையாது, வாடகையும் கொஞ்சம் இறங்கி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் கராத்தே மாஸ்டர்கள் மண்டபத்தைப் பிடிப்பார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் கோப்பைகளை அடுக்கிவிட்டு, நாற்காலிகளை ஓரம் கட்டி, நடுக்கூடத்தில் ரப்பர் மெத்தைகளைக் கோத்துப் போட்டால் களம் தயார். நலங்கு நடக்கிற இடத்தில் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் பெல்ட்டுமாகக் கத்திக்கொண்டு பாய்வதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டோ பிடிக்கப் போனால்? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

எங்கள் சின்ன மகள் ஏழாம் வகுப்பில் கராத்தேயில் சேர்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி புதுக் காமிரா வாங்கியபோது பழையதை, "நீ வச்சுக்கக்கா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எங்கே போட்டி நடந்தாலும் சாப்பாட்டுக் கூடையோடு காமிராப் பையும் என் தோளில் ஏறிவிடும். நான் படித்தது பிளஸ் டூ. போட்டோ பிடிக்க எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கேட்டும், காமிராவோடு வந்த புத்தகத்தைப் புரட்டியும், மகளுடைய மாஸ்டரிடம் ஆட்டத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். கூட வரும் அம்மாக்கள், "எப்படிக்கா, உங்க படத்துல மட்டும் கையும் காலும் தெளிவா இருக்கு?" என்று கேட்பதால் எழுதத் துணிந்தேன்.

கண்ணுக்கு வெளிச்சம், காமிராவுக்கு இருட்டு!

மண்டபத்துக்குள் நுழைந்தால் நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை. நம் கண் அப்படி! வெயிலிலிருந்து உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும். மதுரை மத்தியான வெயிலில் வெளிச்சத்தை அளந்தால் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். ட்யூப்லைட் போட்ட கூடத்தில் 200, 300 லக்ஸ் இருந்தாலே பெரிய காரியம். வெளியே இருப்பதில் முந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. கண்ணுக்கு இது தெரியாது, காமிராவுக்குத் தெரியும்.

"இதே மண்டபத்துல என் நாத்தனார் கல்யாணப் போட்டோ பளிச்னு வந்துச்சே?" என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்விதான். கல்யாணப் போட்டோக்காரர் இரண்டு குடை விளக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கிறார்கள். நம் பிள்ளைகள் நிற்பார்களா? டி.வி.யில் காட்டுகிற பெரிய போட்டிகளோடும் ஒப்பிட வேண்டாம். ஒளிபரப்புக்கென்றே அங்கே விளக்குகளை வாரி இறைத்திருப்பார்கள்.

காமிராவை 'ஆட்டோ'வில் விட்டால், வெளிச்சம் போதவில்லையே என்று அது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அறுபதில் ஒரு பங்கு விநாடி என்று வையுங்கள். நமக்கு அது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் நன்றாகப் பழகிய பெண்ணின் குத்து விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் அவள் கை 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை இருக்காது, வெள்ளையாக ஒரு புகைதான் இருக்கும். அதையே ஐந்நூறில் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் கை நகர்வது ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம். முஷ்டி முஷ்டியாகத் தெரியும். அதனால் குமித்தே என்கிற சண்டைப் பிரிவுக்கு ஐந்நூறில் ஒன்று. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

குழாயும் குடமும் ரசமும்

காமிராவில் மூன்று சமாச்சாரங்கள். முதலாவது லென்ஸின் வாய். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது போல. இரண்டாவது ஷட்டர், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது. இரண்டும் சேர்ந்துதான் குடம் நிறைய வேண்டும். நேரத்தை ஐந்நூறில் ஒன்று என்று சுருக்கியாயிற்று. குழாயை முழுக்கத் திறந்தும் குடம் நிறையவில்லை என்றால்? அதற்குத்தான் மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்கிற எண். சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் சாப்பிட வந்துவிட்டால் இருக்கிற ரசத்தில் தண்ணீரை விட்டு விளாவுவோமே, அதுபோல! எல்லோருக்கும் ரசம் வரும், ஆனால் நீர்த்திருக்கும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டக் கூட்டப் படத்தில் ரவையைத் தூவினது போலப் புள்ளி புள்ளியாக வரும்.

லென்ஸின் வாயை எஃப் என்று ஒரு எண்ணால் சொல்வார்கள். இது தலைகீழ்க் கணக்கு. கையூசியில் நம்பர் கூடக் கூட ஊசி சன்னமாகிறதே, அதுமாதிரி எண் கூடினால் வாய் சின்னது. காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் 5.6. தனியாக விற்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 1.8. இது அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 250 லக்ஸ் கூடத்தில் ஐந்நூறில் ஒன்று வைத்து எடுத்தால் இந்த லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 1600, 2000 என்று போதும். அதற்கோ 16000-ஐத் தாண்ட வேண்டும். அந்த ரசத்தை வாயில் வைக்க முடியாது!

50 மில்லிமீட்டர் 1.8 மலிவான லென்ஸ்களில் ஒன்று. புதிது ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். பத்தாயிரம் மலிவா என்று கேட்காதீர்கள், போட்டோக்காரர்கள் கணக்கில் அது மலிவுதான். நான் முதல் ஆறு மாசம் ஸ்டூடியோத் தம்பியிடம் நாள் வாடகைக்குத்தான் எடுத்தேன். சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு பழைய லென்ஸ் ஒன்று வாங்கினேன். "மூக்குத்தி வாங்கப் போறேன்னு சொன்ன, மூக்குக் கண்ணாடி வில்லை மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்க" என்று என் வீட்டுக்காரர் இன்று வரை கேலி செய்கிறார். செய்யட்டும். அவர் பர்ஸில் இருப்பது நான் எடுத்த படம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காமிராவின் தலையில் உள்ள சக்கரத்தை, கேனானாக இருந்தால் 'டி.வி.' என்ற எழுத்துக்கும், நிக்கானாக இருந்தால் 'எஸ்' என்ற எழுத்துக்கும் திருப்பிக்கொள்ளுங்கள். ஐந்நூறில் ஒன்றை நாம் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, 6400-க்கு மேல் போகாதே என்று வரம்பு கட்டிவிட வேண்டும். ஃபோகஸை, ஓடுகிற ஆளைப் பின்தொடரும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேனானில் 'ஏ.ஐ. செர்வோ', நிக்கானில் 'ஏ.எஃப்.-சி.' என்று இருக்கும். பெரிய வாய் லென்ஸில் ஒரு கஷ்டமும் உண்டு. ஐந்து மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் பகுதி முக்கால் மீட்டர்கூட இருக்காது. இரண்டு பெண்களில் ஒருத்தி தெளிவாகவும் மற்றவள் மங்கலாகவும் விழலாம். முகம் நம் பக்கம் இருக்கிறவளின் கண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போதும்.

புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஃபிலிம் காலத்தில் பத்திரிகைப் போட்டோக்காரர்கள் 400 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமை 1600 என்று பாவித்து எடுத்துவிட்டு, டெவலப் செய்யும்போது மருந்தில் கூடுதல் நேரம் ஊற வைப்பார்கள். அந்தப் படங்களிலும் புள்ளி உண்டு. புள்ளி இருந்து முகம் தெளிவாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். எதிரே நிற்கிற பெண்ணின் கால் தலைக்கு வரும் நேரத்தில் முகத்தில் ஃப்ளாஷ் அடித்தால் பிள்ளைக்கு ஒரு கணம் கண் கூசும். அந்த ஒரு கணத்தில் உதை விழுந்துவிடும். பல போட்டிகளில் நடுவரே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ஃப்ளாஷை ஆஃப் பண்ணுங்க" என்பார். செல்போனிலும் தானாக அடிக்கும்படி வைத்திருப்போம். உள்ளே நுழையும்போதே பார்த்து அணைத்துவிடுங்கள்.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர். புடவை கட்டிக்கொண்டு, கனமான ஸ்பீடு கிராஃபிக் காமிராவைச் சுமந்து டில்லியில் தலைவர்களையெல்லாம் படமெடுத்தார். அந்தக் காலத்து ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். எரிந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அவருக்கு 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், 2012-ல் காலமானார். நமக்கு எவ்வளவு சௌகரியம் என்று அவரை நினைத்தால் தெரிகிறது.

ட்யூப்லைட் செய்யும் குறும்பு

ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று பழுப்பாகவும் இருக்கும். காமிரா கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஐந்நூறில் ஒரு பங்கு விநாடி திறக்கிற ஷட்டருக்கோ, கூடுகிற நேரம் அகப்பட்டால் பளிச், குறைகிற நேரம் அகப்பட்டால் பழுப்பு. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் சில இப்படித்தான் செய்கின்றன. சில காமிராக்களில் 'ஆன்ட்டி ஃப்ளிக்கர்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது விளக்கு கூடி எரியும் கணம் பார்த்துப் படத்தை எடுக்கும். இல்லாவிட்டால் ஒன்றுக்கு மூன்றாக எடுத்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிட நல்ல வழி ஒன்று சொல்கிறேன். மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவுகளைப் பாருங்கள். பந்தி நடக்கும் இடத்துக்குப் போகிற பெரிய கதவு ஒன்று எப்போதும் இருக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் தன்மையாகக் கேட்டு அதைத் திறக்கச் சொல்லிவிட்டால் போதும், காலை வெளிச்சம் களத்தின் ஒரு பாதியில் வந்து விழும். பத்து ட்யூப்லைட் செய்யாததை அந்த ஒரு கதவு செய்யும்.

இன்னொன்று, வெள்ளை உடுப்பு. களம் முழுக்க வெள்ளையாகத் தெரிவதால் வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று காமிரா நினைத்து, படத்தைக் கறுப்பாக்கிவிடும். உடுப்பு சாம்பல் நிறமாகும். நம் பிள்ளைகள் மாநிறம், கறுப்பு. முகமே காணாமல் போகும்! பிளஸ், மைனஸ் குறி போட்ட பொத்தானில் ஒரு பிளஸ் கூட்டி வைத்துவிடுங்கள். உடுப்பின் மடிப்பு கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை, முகம்தான் நமக்கு வேண்டும். வீட்டில் வந்து வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் புள்ளிகளும் சேர்ந்து கூடும்.

மணைப்பலகை

உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி களம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். சுற்றிலும் பாதுகாப்புக்கு ஒரு மீட்டர் கூடுதலாக மெத்தை. அதற்குள் நாம் கால் வைக்கக் கூடாது. ஒருத்திக்குச் சிவப்பு பெல்ட், ஒருத்திக்கு நீலம். கொடி பிடித்த நடுவர்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் நாற்காலிக்கு ஒன்றிரண்டு அடி தள்ளி, மூலையில் தரையோடு தரையாக உட்காருவதுதான் நல்ல இடம். எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேனும் 'நல்வரவு' வளைவும் பின்னால் இருந்தால் எவ்வளவு நல்ல உதையும் வீணாகப் போகும். கறுப்புத் திரை, வெறும் சுவர், இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கிற மூலையாகப் பாருங்கள். கீழே உட்கார்ந்து எடுத்தால் பிள்ளைகள் உயரமாகத் தெரிவார்கள், கால் தூக்கினால் கூரையைத் தொடுவது போல இருக்கும். காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். ஐந்தாறு மீட்டர் தூரத்தில் தலை முதல் கால் வரை அடங்கும்.

நாற்பதைத் தாண்டிய முழங்கால் மூன்று மணி நேரம் தரையில் உட்கார ஒத்துக்கொள்ளுமா? நான் வீட்டிலிருந்து மணைப்பலகையை எடுத்துப் போய்விடுவேன்! முதலில் சிரித்தார்கள். இப்போது இரண்டு அம்மாக்கள் அவர்களும் கொண்டுவருகிறார்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடப்பது, காமிராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்கே தோளில் மாட்டுவது, எடுக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வது. இவ்வளவு செய்தால் மறுநாள் கழுத்துவலித் தைலம் தேட வேண்டாம். கை ஆடாமல் இருப்பதால் படமும் தெளியும். ஒரு பாட்டில் மோர் கட்டாயம். ஏ.சி. போடாத மண்டபத்தில் ஆடிப் புழுக்கம் இருக்கிறதே, அப்பப்பா!

பார்த்தபின் அமுக்கினால் போச்சு

இத்தனையும் சரியாக வைத்துக்கொண்டு போனாலும் சண்டைப் படம் வராது. ஏனென்றால் நாம் கண்ணால் பார்த்து, அது மூளைக்குப் போய், விரல் அமுக்குவதற்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். விநாடிக்கு 8 மீட்டர் போகும் கை அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும். நம் கையின் நீளமே அவ்வளவு இல்லை! அதாவது குத்தைப் பார்த்தேன், அமுக்கினேன் என்றால் குத்து முடிந்து கை திரும்பி வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய காமிராவும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. குத்து வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிய வேண்டும்.

அதற்கு ஆட்டம் தெரிய வேண்டும். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மகளை மூன்று வருஷமாக வகுப்பில் விட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டு பார்த்திருக்கிறேன். அந்தப் பாடம்தான் எனக்கு லென்ஸைவிட உதவியது. மாஸ்டர் ஒருநாள் சொன்னார்: "கையைப் பாக்காதீங்கம்மா. கை ஏமாத்தும். இடுப்பையும் பின்னங்கால் குதியையும் பாருங்க. குதி தரையை விட்டு எழும்புச்சுன்னா வருதுன்னு அர்த்தம்." அவர் சொன்னது அப்படியே உண்மை. இரண்டு பெண்களும் குதித்துக்கொண்டே நிற்பார்கள். தாக்கப் போகிறவள் ஒரு கணம் குதிப்பதை நிறுத்துவாள், தோள் இறங்கும், பின்னங்குதி எழும்பும். அப்போது அமுக்க ஆரம்பித்து, விடாமல் நாலைந்து படம் ஓடவிட வேண்டும். அதில் ஒன்று கிடைக்கும்.

புள்ளிக் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. கைக்குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் உதைக்கு இரண்டு, தலை உயரத்து உதைக்கு மூன்று. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் ஒன்றரை, இரண்டு நிமிஷம்தான். இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிற பெண், கடைசிப் பதினைந்து விநாடியில் காலைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவள் பக்கம் காமிராவைத் திருப்பி வைத்துக் காத்திருக்கலாம்.

இதெல்லாம் உடனே வராது என்று தோன்றினால் முதலில் கட்டாவில் ஆரம்பியுங்கள். கட்டாவில் எதிராளி கிடையாது. பிள்ளை தனியாக, வரிசை மாறாமல் செய்து காட்டும். ஒவ்வொரு அசைவின் முடிவிலும் ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்த நிலைக்கு இருநூறில் ஒன்றே போதும். உங்கள் பெண் வீட்டுக் கூடத்தில் பயிற்சி செய்வதை எடுத்துப் பழகினால் எங்கே நிற்பாள், எங்கே கத்துவாள் என்று உங்களுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

"கத்துற படம் குடுங்கக்கா"

போன வருஷம் ஒரு போட்டிக்கு வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மல்லிகைப் பூ கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவர். பெண்ணுக்குப் பதிமூன்று வயது இருக்கும். முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள். ஆனால் முதல் ஆட்டத்தில் அவள் போட்ட ஒரு குத்து, அடடா! எதிரே நின்ற பெண்ணின் நெஞ்சருகே முஷ்டி, வாய் முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க ஒரு கத்தல். அது என் காமிராவில் அப்படியே விழுந்திருந்தது. பிறகு சர்ட்டிபிகேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாற் போலவும் ஒன்று எடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவுக்கு இரண்டையும் காட்டி, "இந்தச் சிரிச்ச படத்தை உங்க போனுக்கு அனுப்பட்டுமா?" என்றேன்.

"சிரிச்ச படம் வீட்ல கெடக்குங்கக்கா. அந்தக் கத்துற படத்தைக் குடுங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வயசுக்கு வந்த புள்ள காலைத் தூக்கி ஒதைக்கிறதான்னு அவுக அப்பா வீட்டுல எல்லாரும் ஏசுறாய்ங்க. அடுத்த மாசத்தோட நிறுத்தணுமாம். அவ என்ன செய்றான்னு அவுக யாரும் கண்ணால பாத்ததில்ல. ஒரு தடவை பாக்கட்டும்" என்றார். பிறகு மெதுவாக, "குரூப்ல கிரூப்ல போட்டுறாதீங்கக்கா" என்றும் சொன்னார்.

பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு மாஸ்டர் மூலம் கொடுத்தனுப்பினேன். அடுத்த போட்டிக்கு அந்தப் பெண் வந்தாள். அப்பா வரவில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினது அவர்தானாம். இன்னும் வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். படத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மா வீட்டில் என்னென்ன போராடினாரோ, யாருக்குத் தெரியும்!

அந்த அம்மா கடைசியாகச் சொன்னதை நான் மறப்பதில்லை. நாம் படம் எடுப்பது நம் பிள்ளையை மட்டும் அல்ல. எதிரே நிற்பதும் ஒரு வீட்டுப் பெண்தான். அவள் அம்மாவைக் கேட்காமல் எந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்து எழுதுவதே கிடையாது. இழுபறியில் உடுப்பு விலகின படம், பிள்ளை வலியில் அழுகிற படம் இவற்றை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அழித்துவிடுவேன். எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும் சரி. பிள்ளை அடிபட்டு விழுந்தால் காமிராவைக் கீழே வைத்துவிட வேண்டும். அங்கே தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் தேவை, படம் எடுக்க அல்ல.

சிலம்பத்துக்கு வேறு கணக்கு

நம் பக்கத்துச் சிலம்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே கம்பு பிடிக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில், இரண்டே இரண்டு விளக்கில் பயிற்சி நடக்கும். இதில் ஐந்நூறில் ஒன்று வைத்தால் கம்பு அந்தரத்தில் அசையாமல் நிற்கும், ஏதோ ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாற் போல! அறுபதில் ஒன்று, முப்பதில் ஒன்று என்று இறக்கி வையுங்கள். முகமும் நெஞ்சும் அசையாத கணம் பார்த்து எடுத்தால், கம்பு மட்டும் வட்டமாக விசிறி போல விழும். சுற்றுகிற பெண்ணின் முகம் நடுவில் தெளிவாக இருக்கும். வெளிச்சக் குறைவே இங்கே நமக்கு உதவி. கம்பின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி உட்காருங்கள். இது போட்டோவுக்காகச் சொல்லவில்லை, மண்டைக்காக!

காமிரா இல்லாதவர்கள் செல்போனிலேயே முயலலாம். 'நைட் மோட்' மட்டும் வேண்டாம். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, கும்பிட்டு நிற்கிற பிள்ளைக்குத்தான் சரி. 'புரோ' என்று இருந்தால் அதில் ஷட்டரை 250 என்று வையுங்கள். ஜூம் செய்யாமல் களத்தை ஒட்டி உட்கார்ந்து, தொடர்ச்சியாக எடுங்கள். திறந்த கதவுப் பக்கம் பிள்ளை முகம் திரும்பும்போது எடுத்தால் போன் படமும் நன்றாகவே இருக்கும்.

ஒரு போட்டிக்கு நான் அறுநூறு படம் வரை எடுக்கிறேன். இரவு சாப்பாட்டுக் கடை முடிந்ததும் உட்கார்ந்து கழித்தால் இருபது நிற்கும். அதில் மூன்றோ நாலோ பிரிண்ட் போடத் தகுந்தவை. மற்றப் பிள்ளைகளுடையதை அவரவர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, கார்டைக் காலி செய்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுப்பது. விடிந்தால் ஸ்கூல் இருக்கிறதே!